மோர்பியிலிருந்து ஹட்டனுக்கு: போர்சலின் டைல்ஸ் இறக்குமதி, படிப்படியாக

மலையகத்தில் வீடு கட்டுகிறவர்கள் இப்போது சிவப்புச் சீமெந்துத் தரையோடு நிற்பதில்லை. லைன் அறையை விட்டுத் தனிவீட்டுக்குப் போகிறவர்கூட முன்னறைக்காவது டைல்ஸ் கேட்கிறார். அதனால் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் பலருக்கு, கொழும்பு மொத்தக் கடையில் வாங்காமல் நாமே ஒரு கொண்டெய்னர் இறக்கினால் என்ன என்ற எண்ணம் வருகிறது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். பிறகு தெரிந்தவர்கள் சிலருக்குப் பக்கத்தில் இருந்து செய்து கொடுத்தேன். எல்லோரும் தடுக்கி விழுந்தது ஒரே இடத்தில்தான்: முதலில் விலை கேட்டார்கள், முற்பணம் கட்டினார்கள், அதற்குப் பிறகு சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். கீழே உள்ள படிகளில் ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

1. எங்கே பதிக்கப்போகும் டைல் என்று முதலில் எழுதுங்கள்

படத்தைப் பார்த்து டைல் தேர்ந்தெடுப்பதுதான் முதல் பிழை. குஜராத்தின் மோர்பியிலிருந்தோ சீனாவின் ஃபோஷானிலிருந்தோ வரும் கேட்டலாக்கில் எல்லாமே பளபளப்பாகத்தான் இருக்கும். நம் ஊரில் மூடுபனி நேரத்தில் வாசல் திண்ணை முழுக்க ஈரம். தோட்டத்திலிருந்து சேற்றுக் காலோடு வருகிறவர் பளபளப்பான டைலில் கால் வைத்தால் வழுக்கி விழுவார்.

ஒரு தாளில் மூன்று இடங்களாகப் பிரித்து எழுதுங்கள். வீட்டின் உட்தரைக்குப் பளபளப்பு இருக்கலாம். குளியலறை, சமையலறைக்கு மேட் (பளபளப்பில்லாத) வகை வேண்டும். திண்ணை, படி, கார் நிறுத்தும் இடத்துக்கு வழுக்காத சொரசொரப்பான வகை வேண்டும். வழுக்குத் தன்மையை ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று குறிப்பார்கள். எண் கூடக் கூட வழுக்கல் குறையும். திண்ணைக்கு ஆர் 11 கேளுங்கள்.

நுவரெலியாப் பக்கம் விற்கப்போகிறவர் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். தை, மாசியில் அங்கே தரையில் உறைபனி விழுகிறது. தண்ணீரை உறிஞ்சும் டைலுக்குள் போன ஈரம் உறையும்போது விரியும், மேற்பூச்சு உதிரும். போர்சலினை நாம் தேடுவதற்கு உண்மையான காரணமே அது நீரை மிகக் குறைவாக உறிஞ்சும் என்பதுதான்.

2. எச்.எஸ். குறியீட்டை நிச்சயம் செய்யுங்கள்

எச்.எஸ். குறியீடு என்பது சுங்கத்தில் பொருள்களை வகைப்படுத்த உலக நாடுகள் பொதுவாக வைத்திருக்கும் எண். அனுமதி, வரி, தரப் பரிசோதனை எல்லாம் இந்த எண்ணில்தான் தொங்குகின்றன. பீங்கான் டைல்ஸ் 6907 என்ற தலைப்பின் கீழ் வரும். அதற்குள் பிரிப்பது நீர் உறிஞ்சும் அளவு. எடையில் 0.5 விழுக்காடு அல்லது அதற்குக் குறைவு என்றால் 6907.21. 0.5-க்கு மேல் 10 வரை என்றால் 6907.22. 10-க்கு மேல் என்றால் 6907.23. மொசைக் துண்டுகளுக்கு 6907.30. மூலை, ஓரம், ஸ்கர்ட்டிங் (சுவரடி ஓரம்) போன்ற முடிப்புத் துண்டுகளுக்கு 6907.40. இதன் பின்னால் இலங்கைச் சுங்கம் இன்னும் இரண்டு இலக்கம் சேர்த்து எட்டு இலக்கமாக்கும்.

பழைய இன்வொய்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டு 6908 என்று எழுதி அனுப்பும் விற்பனையாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். மெருகிட்ட டைலுக்கு இருந்த அந்தத் தலைப்பு 2017 திருத்தத்தில் 6907-க்குள் சேர்ந்துவிட்டது. அப்படி எழுதி வந்தால் உடனே திருத்தச் சொல்லுங்கள்.

விற்பனையாளர் தரும் குறியீட்டை அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அவர் எழுதுவது அவர் நாட்டு ஏற்றுமதிக்கு. இங்கே சுங்கத்துக்குப் பதில் சொல்வது நீங்கள். பரிசோதனை அறிக்கையில் உள்ள நீர் உறிஞ்சும் அளவைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் வார்ஃப் கிளார்க்கோடு (சுங்க வேலைகளை உங்களுக்காகச் செய்து தருபவர்) உட்கார்ந்து குறியீட்டை முடிவு செய்யுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் சரக்கு கிளம்பும் முன்பே சுங்கத் திணைக்களத்திடம் கேட்டுவிடலாம். வந்து இறங்கிய பின் கேட்டால் ஒவ்வொரு நாளுக்கும் காசு.

3. இன்று அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்

1969-ஆம் ஆண்டின் 1-ஆம் இலக்க இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வர்த்தமானி வெளியிட்டு எந்தப் பொருளையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர அரசால் முடியும். 2020-இல் வந்த கட்டுப்பாடுகளில் டைல்ஸும் சிக்கியது. ஆகவே போன வருடம் ஒருவர் இறக்கினார் என்பது உங்களுக்கு ஆதாரமல்ல. உங்கள் எட்டு இலக்கக் குறியீட்டை வைத்து, அன்றைய நிலைக்கான வர்த்தமானியை நீங்களே பாருங்கள். முற்பணம் கட்டும் நாளில் மறுபடி பாருங்கள்.

பதிவுகளும் இதே நேரத்தில் முடிய வேண்டும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் டின் (வரி அடையாள) இலக்கம், வற் (பெறுமதி சேர் வரி) பதிவு இருந்தால் அதன் சான்றிதழ், அப்புறம் சுங்கத்தில் இறக்குமதியாளர் பதிவு. எல்லாவற்றிலும் பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். கடைப் பலகையில் ஒரு பெயர், பதிவில் இன்னொரு பெயர் என்பது நம் ஊரில் சகஜம். வங்கியிலும் சுங்கத்திலும் அது ஓடாது.

4. பரிசோதனை அறிக்கையை விலைக்கு முன் கேளுங்கள்

இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் சில பொருள்களை இறக்குமதிப் பரிசோதனைக்கு உட்படுத்துகிறது. உங்கள் குறியீடு அந்தப் பட்டியலில் இருக்கிறதா, எந்த இலங்கைக் கட்டளைப்படி பார்க்கிறார்கள், எந்த ஆய்வுகூட அறிக்கையை ஏற்கிறார்கள் என்ற மூன்றையும் அவர்களிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். அறிக்கை ஏற்கப்படவில்லை என்றால் இங்கே மாதிரி எடுத்துப் பரிசோதிப்பார்கள். முடிவு வரும்வரை சரக்கு விற்பனைக்கு வராது.

அறிக்கையில் என்ன பார்க்க வேண்டும்? உலர்முறையில் அழுத்திச் செய்த, 0.5 விழுக்காட்டுக்கு மேல் நீர் உறிஞ்சாத டைலை ஐ.எஸ்.ஓ. 13006 கட்டளை பி.ஐ.ஏ. என்ற வகுப்பில் வைக்கிறது. பரிசோதனை முறைகள் ஐ.எஸ்.ஓ. 10545 வரிசையில் உள்ளன: பகுதி 2 அளவும் நேர்த்தியும், பகுதி 3 நீர் உறிஞ்சல், பகுதி 4 உடையும் வலிமை, பகுதி 7 மெருகுத் தேய்மானம், பகுதி 12 உறைபனி. 7.5 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் தடித்த பி.ஐ.ஏ. டைலுக்கு உடையும் வலிமை குறைந்தது 1,300 நியூட்டன் இருக்க வேண்டும்.

இங்கே புதியவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று. அறிக்கை இருக்கும், ஆனால் வேறு அளவுக்கு, வேறு மொடலுக்கு, மூன்று வருடத்துக்கு முன் எடுத்ததாக இருக்கும். தொழிற்சாலையின் பெயர், டைலின் அளவு, தடிப்பு, மொடல் பெயர், திகதி ஐந்தும் உங்கள் ஓடருடன் பொருந்தவில்லை என்றால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. ஆய்வுகூடம் ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம் பெற்றதா என்றும் பாருங்கள்.

5. மாதிரியை வீட்டிலேயே சோதியுங்கள்

அறிக்கை சரி என்று தெரிந்த பின் ஒவ்வொரு மொடலிலும் நான்கு டைல் வரவழையுங்கள். ஒன்று போதாது, வளைவு தெரியாது. இரண்டு டைலை முகத்தோடு முகம் சேர்த்து வைத்து நடுவில் அழுத்தினால் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால், பதித்த பின் விளிம்பு எழும்பி நிற்கும்.

நீர் உறிஞ்சலைத் தோராயமாகப் பார்க்க ஒரு தராசு போதும். 600க்கு 600 டைல் ஒன்று ஏறக்குறைய 7 கிலோ. நன்றாகக் காய்ந்த டைலை நிறுத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு, துடைத்து மறுபடி நிறுங்கள். 7 கிலோவில் 0.5 விழுக்காடு என்பது 35 கிராம். ஆய்வுகூடத்தில் வெற்றிடத்தில் வைத்து நீரை ஏற்றுவதால் அங்கே இதைவிடக் கூடத்தான் காட்டும். ஆகவே வெறும் ஊறலிலேயே 35 கிராமைத் தாண்டினால் அது போர்சலின் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். தாண்டவில்லை என்பதை மட்டும் வைத்து ஓடர் கொடுக்க வேண்டாம்.

அளவையும் டேப்பில் பாருங்கள். நம் கடையில் “ரெண்டுக்கு ரெண்டு” என்று கேட்பார்கள். ஆனால் 600 மில்லிமீற்றர் என்பது இரண்டு அடிக்குக் கிட்டத்தட்ட பத்து மில்லிமீற்றர் குறைவு. பத்துக்குப் பத்து அறைக்கு 25 டைல் என்று கொடுத்தால் நீளத்திலும் அகலத்திலும் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் மிஞ்சி நிற்கும். மேசன் உங்கள் கடைக்குத்தான் திரும்பி வருவார்.

6. இப்போது விலை கேளுங்கள், அடக்கவிலையை எடையில் போடுங்கள்

டைல்ஸ் இடத்தை நிரப்பும் முன் எடையை நிரப்பும் சரக்கு. 600க்கு 600 பெட்டி ஒன்றில் நான்கு டைல், 1.44 சதுர மீற்றர், அதாவது 15.5 சதுர அடி, ஏறக்குறைய 28 கிலோ. 20 அடிக் கொண்டெய்னரில் 26 தொன் ஏற்றினால் 928 பெட்டி, சுமார் 14,000 சதுர அடி. 40 அடிக் கொண்டெய்னர் எடுத்தால் இரட்டிப்பாகக் கொண்டுவரலாம் என்று கணக்குப் போட்ட நண்பர் ஒருவருக்கு நான் இதைத்தான் காட்டினேன். பெட்டி பெரிதானாலும் தூக்கக்கூடிய எடை அதே அளவுதான். பாதி வெறுமையாக வரும், வாடகை மட்டும் கூடும்.

விலையை எப்.ஓ.பி. முந்த்ரா (அங்கே கப்பலில் ஏற்றும் வரையான விலை) என்றும் சி.ஐ.எப். கொழும்பு (கப்பல் கட்டணமும் காப்புறுதியும் சேர்ந்த விலை) என்றும் இரண்டு விதமாக வாங்குங்கள். மோர்பிச் சரக்கு பெரும்பாலும் முந்த்ராத் துறைமுகத்தில்தான் ஏறும். இரண்டையும் ஒப்பிட்டால் கப்பல் கட்டணத்தில் விற்பனையாளர் எவ்வளவு வைத்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

அடுத்தது வரி. இதை நிதானமாகப் படியுங்கள், இலாபம் போவதும் வருவதும் இங்கேதான். சரக்கு, கப்பல், காப்புறுதி மூன்றும் சேர்ந்த சி.ஐ.எப். மதிப்பை அடிப்படையாக வைத்துச் சுங்கத் தீர்வை, துறைமுக விமானநிலைய அபிவிருத்தி வரி, செஸ் என்ற மேல்வரி ஆகியவை வரும். செஸ் சில குறியீடுகளுக்கு “இத்தனை விழுக்காடு அல்லது அலகுக்கு இத்தனை ரூபாய், எது கூடவோ அது” என்று இருக்கும். விழுக்காட்டை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டவர் மலிவு டைலில் மாட்டிக்கொள்வார். மலிவான சரக்குக்கு ரூபாய்க் கணக்குத்தான் கூட வரும். அதற்கும் மேல் 2.5 விழுக்காடு சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி, 2024 ஜனவரி முதல் 18 விழுக்காடு வற்.

வற் கணக்கில் பலர் தவறுவது எங்கே என்றால், அது சி.ஐ.எப். மேல் நேராகப் போடப்படுவதில்லை. சி.ஐ.எப். மதிப்போடு 10 விழுக்காடு கூட்டி, சுங்கத் தீர்வை, செஸ் போன்ற வரிகளையும் சேர்த்து, அந்தத் தொகைக்குத்தான் வற். உதாரணத்துக்கு சி.ஐ.எப். 100 ரூபாய், அப்படிச் சேரும் வரிகள் 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 110-உம் 40-உம் 150. அதற்கு வற் 27 ரூபாய். 18 என்று நினைத்தவருக்கு 9 ரூபாய் துண்டு விழும். நீங்கள் வற் பதிவு பெற்றவர் என்றால் பிறகு கழித்துக்கொள்ளலாம். இல்லை என்றால் அது முழுக்க அடக்கத்தில் ஏறும். உங்கள் குறியீட்டுக்கான அன்றைய விகிதங்கள் சுங்கத்தின் தீர்வைப் பட்டியலில் இருக்கின்றன. டொலர் மாற்று விகிதமும் வங்கி சொல்வதல்ல, சுங்கம் வாராவாரம் வெளியிடுவது.

இந்தியாவோடு சுதந்திர வர்த்தக உடன்பாடு இருக்கிறதே, வரி குறையாதா என்று கேட்பீர்கள். உடன்பாட்டில் சலுகை இல்லாத பொருள்களுக்கு எதிர்மறைப் பட்டியல் ஒன்று உண்டு. உங்கள் குறியீடு அதில் இல்லை என்று கண்ணால் பார்க்கும்வரை சலுகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சலுகை உண்டு என்றால் சரக்கு எந்த நாட்டில் செய்தது என்று காட்டும், அந்த உடன்பாட்டுக்குரிய தோற்றச் சான்றிதழ் வேண்டும். சாதாரணச் சான்றிதழ் செல்லாது.

7. பணம் கட்டும் முறையை வங்கியிடம் முடிவு செய்யுங்கள்

விற்பனையாளர் 30 விழுக்காடு முற்பணம், மீதி ஏற்றும்போது என்பார். எந்த முறைக்கு அன்று அனுமதி உண்டு என்று வங்கியின் இறக்குமதிப் பிரிவில் முதலில் கேளுங்கள். முதல் முறை வியாபாரம் என்றால் எல்.சி. (வங்கிக் கடன் கடிதம்) திறப்பதுதான் என் யோசனை. செலவு கூடத்தான். ஆனால் வேண்டிய ஆவணங்களை எல்.சி.யில் நிபந்தனையாக எழுதிவிட்டால், அவை இல்லாமல் விற்பனையாளருக்குப் பணம் போகாது. பரிசோதனை அறிக்கை, தோற்றச் சான்றிதழ், எல்லாம் ஒரே பட்ச் என்ற உறுதிமொழி ஆகியவற்றை அங்கே சேர்த்துவிடுங்கள்.

ஒரே பட்ச் என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஒரே மொடல் என்றாலும் சூளையில் வேறு நாள் சுட்டால் நிறம் மாறும், அளவு ஒரு மில்லிமீற்றர் வித்தியாசப்படும். பெட்டியில் ஷேட் (நிறம்), கேலிபர் (அளவு) என்று இரண்டு குறி இருக்கும். ஒரு மொடலுக்கு ஒரே ஷேட், ஒரே கேலிபர் என்று ஓடரிலேயே எழுதுங்கள். என் முதல் கொண்டெய்னரில் இதை எழுதாமல் விட்டேன். ஒரே மொடலில் மூன்று ஷேட் வந்தது. ஒரு வீட்டு முன்னறையில் பாதி பதித்த பின்தான் தெரிந்தது. டைலும் கூலியும் என் கையிலிருந்து போனது.

8. ஏற்றும் முன் தாள்களை ஒன்றோடொன்று பொருத்துங்கள்

இன்வொய்ஸ், பெக்கிங் லிஸ்ட், கப்பற் பத்திரம், தோற்றச் சான்றிதழ், பரிசோதனை அறிக்கை. இவற்றின் நகலைக் கொண்டெய்னர் கதவு மூடும் முன் வரவழைத்து மேசையில் பரப்பிப் பாருங்கள். ஒன்றில் “விட்ரிஃபைட்”, இன்னொன்றில் “போர்சலின்”, மூன்றாவதில் வெறும் “செராமிக்” என்று இருந்தால் சுங்கத்தில் கேள்வி வரும். பெட்டி எண்ணிக்கை, சதுர மீற்றர், நிகர எடை, மொத்த எடை நான்கும் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கப்பல் கிளம்பும் முன் இதைத் திருத்துவது ஒரு மின்னஞ்சல் வேலை. பிறகு என்றால் கப்பல் கம்பனிக்குத் திருத்தக் கட்டணம், வங்கிக்குத் தனிக் கட்டணம்.

மரப் பலகைத் தட்டில் அடுக்கி வருகிறதென்றால் ஒவ்வொரு தட்டிலும் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சூடேற்றியோ மருந்திட்டோ பூச்சி நீக்கிய மரம் என்பதற்கு அதுதான் அடையாளம். டைலில் குற்றம் இல்லாமல் மரத்தால் சரக்கு நின்றுவிடக் கூடாது.

காப்புறுதி எடுக்கும்போது உடைவும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். நான் எப்போதும் நூற்றுக்கு மூன்று உடையும் என்று வைத்துத்தான் அடக்கம் போடுகிறேன்.

9. கொழும்பில் இறங்கும் நாட்கள்

கப்பல் வரும் முன்பே வார்ஃப் கிளார்க்கின் கையில் எல்லாத் தாளும் இருக்க வேண்டும். அவர் கஸ்டெக் (சுங்கப் பிரகடனம்) பதிந்து, வரி கட்டி, கப்பல் முகவரிடம் டிலிவரி ஓடர் எடுத்து, கட்டளைகள் நிறுவன அனுமதியையும் பெற்ற பின்புதான் கொண்டெய்னர் வெளியே வரும். காலக்கெடு இரண்டு ஓடுகிறது: துறைமுக இடவாடகைக்கு ஒன்று, கப்பல் கம்பனியின் கொண்டெய்னரைத் திருப்பிக் கொடுக்க இன்னொன்று. இரண்டிலும் இலவச நாட்கள் சிலவே. எத்தனை என்று முன்பே கேட்டு, விற்பனையாளர் வழியாகக் கூடுதல் நாள் வாங்கப் பாருங்கள்.

சித்திரைப் புத்தாண்டு வாரத்தில் சரக்கு வரும்படி வைக்காதீர்கள். போயா தினங்களையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முன் விற்க நினைப்பவர் புரட்டாதிக்கு முன்பே சரக்கைக் கடையில் வைத்திருக்க வேண்டும். வீட்டைத் திருத்துகிறவர்கள் கடைசி வாரத்தில் டைல் வாங்குவதில்லை.

அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை ஒரு பெட்டியும் விற்க வேண்டாம். உறவுக்காரருக்கு அவசரம் என்றாலும் வேண்டாம்.

10. மலைக்கு ஏற்றுவது

26 தொன் கொண்டெய்னரை நேராக ஹட்டனுக்கு இழுத்துவரலாம் என்று யாராவது சொன்னால் அவரை அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேன வழியாக ஒருமுறை லொறியில் உட்கார வைத்துக் கூட்டிவாருங்கள். வளைவுகளில் ட்ரெய்லர் திரும்ப எதிர்ப்பக்கம் முழுவதும் வேண்டும். கண்டிப் பக்கம் கடுகண்ணாவை ஏற்றமும், அதற்கப்பால் ரம்பொடை வளைவுகளும் இதே கதைதான். பண்டாரவளைக்குப் போகிற சரக்கு பெரகலையிலிருந்து ஹப்புத்தளை ஏற வேண்டும்.

கொழும்பைச் சுற்றி ஒரு கிடங்கில் கொண்டெய்னரை இறக்கி, சிறிய லொறிகளில் பிரித்து ஏற்றுவதுதான் சரி. இரண்டு தடவை கைமாறும், நாட்டாமைக் கூலி இரண்டு முறை என்பது உண்மை. ஆனால் காலிக் கொண்டெய்னரை அன்றே திருப்பிவிடலாம், மழையில் பாதை அடைபட்டாலும் வாடகை ஓடாது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை ஹட்டன் பக்கம் தென்மேல் பருவமழை; பதுளைப் பக்கம் ஐப்பசியிலிருந்து தை வரை மழை. மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் நாளில் பாரமான லொறியை அனுப்பாதீர்கள். சாரதியின் உயிருக்கு முன்னால் இரண்டு நாள் தாமதம் பெரிதல்ல.

லொறியில் பெட்டிகளை நிமிர்த்தி, விளிம்பில் நிற்க வைத்து அடுக்குங்கள். படுக்க வைத்தால் அடியில் உள்ளவை வளைவுகளில் ஆடி விரிசல் விடும். விரிசல் கடையில் தெரியாது, பதித்த பின் தெரியும். பெட்டி நனைந்தால் அட்டை பிய்ந்து ஷேட் குறி போய்விடும். ஆகவே தார்ப்பாய் இரட்டையாகப் போடச் சொல்லுங்கள்.

11. கடையில் அடுக்கும்போதும் விற்கும்போதும்

ஷேட் எண்ணைப் பில்லில் எழுதிக் கொடுங்கள். குறைந்தால் வாங்க வருகிறவர் அந்தப் பில்லோடு வருவார்.

மேசனுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லி அனுப்பியே ஆக வேண்டும். சாதாரண சுவர் டைல் தண்ணீரில் ஊற வைத்துப் பதிக்கப் பழகிய கை அது. போர்சலினை ஊற வைக்கத் தேவையில்லை. அது சீமெந்துப் பாலை உறிஞ்சாது, அதனால் வெறும் சீமெந்தில் பிடிப்பும் குறைவு. டைல் பசையைத் தரையில் பல்கரண்டியால் இழுத்து, டைலின் முதுகிலும் மெல்லியதாகத் தடவிப் பதிக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துத் தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கிறது என்று வருகிற முறைப்பாடுகளில் நான் பார்த்த பெரும்பாலானவை டைலின் குற்றமல்ல, இந்தப் பசையின் குற்றம். அதனால் டைலோடு பசையையும் ஒரே பில்லில் விற்கிறேன்.

ஒவ்வொரு மொடலிலும் பத்துப் பெட்டியை விற்காமல் ஒதுக்கி வையுங்கள். இரண்டு வருடம் கழித்துக் குழாய் உடைந்து தரையைத் தோண்டிய வீட்டுக்காரர் நான்கு டைல் கேட்டு வருவார். அந்த ஷேட் உங்களிடம் மட்டும்தான் இருக்கும்.